குருத்தோலை போன வழி

பேராதனைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் ஓர்க்கிட் மாடத்தைப் பார்ப்பார்கள், அரசப் பனை வரிசையில் நின்று படம் எடுப்பார்கள், மகாவலிக்கு மேலே ஆடும் தொங்கு பாலத்தில் ஒருமுறை நடந்துவிட்டு வீடு திரும்புவார்கள். தாளிப்பனைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. கண்டிச் சீமையில் ஒரு பிள்ளை எழுதப் படித்த விதத்தை ஒரு காலத்தில் தீர்மானித்தது இந்த மரம். எதை முதலில் பழகுவது, எதில் எழுதிப் பார்ப்பது, நல்ல ஏட்டை எப்போது கையில் கொடுப்பது என்ற ஒழுங்கெல்லாம் இதன் ஓலையின் குணத்திலிருந்து வந்தவை. அந்த ஓலையின் பின்னாலேயே போனால் தாவரவியலும் சரித்திரமும் சித்திரமும் எழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வழியில் வந்து சேர்ந்துகொள்ளும். வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கைவேலையோடு பாடம் சொல்லித்தர விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாதை கண்டிப் பக்கத்தில் இல்லை.

சிங்களத்தில் இந்த மரம் 'தல'. தமிழில் குடைப்பனை என்றும் சொல்வார்கள். 25 மீட்டர் வரை வளரும். ஓர் ஓலை முழுதாக விரிந்தால் 5 மீட்டர் அகலம் வரும். 30 முதல் 80 வருடம் வரை பூக்காமலே நின்றுவிட்டு, வாழ்நாளில் ஒரே தடவை உச்சியில் 6 முதல் 8 மீட்டர் உயரத்துக்குப் பூங்கொத்தை நீட்டும். கிளைவிட்ட பூங்கொத்துகளில் தாவர உலகிலேயே பெரியது அது. இலட்சக்கணக்கான சிறு பூக்கள் மலர்ந்து, காய்த்து, முற்றுவதற்கு ஒரு வருடம் போல எடுக்கும். காய்கள் கொட்டியதும் மரம் பட்டுப்போகும். வளவில் வாழை குலை தள்ளி மடிவதைப் பார்த்திருக்கிற பிள்ளைக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. வாழைக்கு ஒரு வருடத்தில் முடிகிற கதை இங்கே ஒரு மனித ஆயுளுக்கு நீள்கிறது, அவ்வளவுதான்.

களுத்துறையில் இருந்த தாவரத் தோட்டத்தைத் தாவரவியலாளர் அலெக்சாண்டர் மூன் 1821இல் பேராதனைக்குக் கொண்டுவந்தார். மூன்று வருடம் கழித்து அவர் வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியலில் இலத்தீன் பெயர்களோடு சிங்களப் பெயர்களும் இருந்தன. தாவரவியல் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் ஒவ்வொரு மரத்தையும் பெயர் வைத்து, பயன் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

தாளிப்பனையின் பயனைப் பற்றி நமக்கு விவரமாக எழுதி வைத்தவர் ஒரு கைதி. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் தகப்பனோடும் மாலுமிகளோடும் பிடிபட்ட றொபேர்ட் நொக்ஸ், 19 வருடத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் அடைபட்டுக் கிடந்தார். சிறைக்கூடத்தில் அல்ல, ஊருக்குள்ளேயே நடமாடலாம், நாட்டை விட்டுத்தான் போக முடியாது. தொப்பி பின்னி விற்று, கண்டிக்குத் தெற்கே எலதெத்தவில் சொந்த வீடு கட்டி வாழ்ந்தார். 1679இல் வடக்கே நடந்து தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் அவர் புத்தகம் அச்சாயிற்று. ஒரு தாளிப்பனை ஓலைக்குக் கீழே பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்றும், மடித்தால் ஒரு கைப்பருமன்தான் வரும் என்றும், படைவீரர்கள் அதைச் சுமந்துபோய் இரவில் கூடாரமாக்குவார்கள் என்றும் அதில் வியக்கிறார். அதே ஓலையின் கீற்றில்தான் ஊரார் இரும்பு எழுத்தாணியால் எழுதுகிறார்கள் என்றும், சிறுவர்கள் முதலில் எழுதப் பழகுவது நிலத்தில் மணலைப் பரப்பி, கையால் மட்டப்படுத்தி, விரலால்தான் என்றும் அவர் குறித்திருக்கிறார்.

ஏன் முதலில் மணல்? ஓலை ஏடாக மாறுவதற்குப் படும் பாட்டைப் பார்த்தால் அது விளங்கும்.

குருத்து விரிவதற்கு முன்பே அதை வெட்ட வேண்டும். விரிந்த ஓலை வெயில் பட்டுப் பச்சையேறி முரடாகிவிடும். குருத்து வெளிர்மஞ்சளாக, மெதுவாக இருக்கும். அதை இதழ் இதழாகப் பிரித்து, நடு ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, கீற்றுகளை வட்டமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மணிக்கணக்காக அவிப்பார்கள். அன்னாசி இலை, பப்பாசி இலை சேர்ப்பதும் உண்டு. அவித்ததைப் பகலில் வெயிலிலும் இரவில் பனியிலும் போடுவார்கள். வெயிலில் முறுகிய ஓலை பனியில் இளகி நிமிரும். கடைசி வேலைதான் கடினம். வழுவழுப்பான கமுகந் தண்டைக் கிடையாகக் கட்டி, கீற்றின் ஒரு நுனியில் பாரத்தைத் தொங்கவிட்டு, மறு நுனியைப் பிடித்து மேலும் கீழும் இழுத்து மெருகேற்ற வேண்டும். அவிக்காத பச்சை ஓலைக்குச் சிங்களத்தில் 'கரகொல' என்று பெயர். இத்தனையும் தாண்டி வந்ததுதான் 'புஸ்கொல'. பிறகு அளவுக்கு நறுக்கி, கயிறு கோக்கத் துளையிட்டு, அடுக்கிப் பலகைக்கிடையே இறுக்கி, ஓரங்களைச் சூட்டுக்கோலால் தீய்த்துச் சமன் செய்வார்கள்.

இவ்வளவு கைகள் பட்ட கீற்றை எழுத்துத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையிடம் யாரும் கொடுக்கமாட்டார்கள். எழுத்தாணி கீறினால் கீறியதுதான், ஓலைக்கு அழிறப்பர் கிடையாது. ஆகவே மணலில் விரல் பழக வேண்டும். அங்கே பிழை விட்டால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி எழுதலாம். விரலுக்கு வளைவு பிடிபட்ட பிறகு மலிவான ஓலையில் எழுத்தாணி பிடிக்கப் பழகலாம். கை உறுதியான பிறகுதான் புஸ்கொல. இன்றைய ஆசிரியர்கள் படிநிலைக் கற்றல் என்று பெயர் சொல்வதை, அந்தக் காலத்தில் பொருளின் அருமையே வகுத்துக் கொடுத்தது.

கண்டிப் பிள்ளை ஏட்டில் வாசித்த பாடங்களுக்கும் ஒரு வரிசை இருந்தது. 'ஹோடிய' என்னும் அரிச்சுவடி முடிந்ததும் 'நம்பொத'. அது இலங்கையின் வணக்கத்தலங்களையும் ஊர்களையும் பெயர் பெயராக அடுக்கும் நூல். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பயிற்சியும் பூமிசாத்திரமும் ஒன்றாக முடிந்துவிடும். உச்சரிப்புக்கு 'வதன்கவி பொத'. அதோடு 'கணதெவி ஹெல்ல' என்ற செய்யுள் நூலும் உண்டு. பெயரிலேயே தெரிகிறது, கணபதியைப் போற்றுவது. பன்சலை என்னும் பௌத்த விகாரையில் படித்த பிள்ளையும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் படிப்புக்குள் போயிருக்கிறது.

மணலில் எழுதும் பழக்கம் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் அப்படியே இருந்தது. அதற்கு இன்னொரு பயணக் கதையும் உண்டு. 1789 முதல் 1796 வரை சென்னையில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளியை நடத்திய அண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கொப்பியும் பென்சிலும் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் மணல் தட்டில் ஆங்கில எழுத்துப் பழகினார்கள்.

மணலைத் தாண்டிய பிள்ளையின் கையில் ஓலை வரும்போது உடம்பு முழுக்கப் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். மேசை கிடையாது. ஓலை இடது கையில் இருக்கும், எழுத்தாணி வலது கையில். எழுத்தாணி அதிகம் நகராது. ஓலையைத்தான் மெல்ல மெல்லத் தள்ளிக்கொடுக்க வேண்டும். இடது கைப் பெருவிரல் எழுத்தாணியின் முனைக்கு அணை கொடுக்கும். பெருவிரல் நகத்தில் சிறிய வெட்டு வைத்து, எழுத்தாணி வழுக்காமல் அதில் பொருத்திக்கொள்கிறவர்களும் இருந்தார்கள். ஓலையின் நார் நீளவாக்கில் ஓடும். அந்த வாக்கிலேயே நேர்கோடு இழுத்தால் ஓலை பிளந்துவிடும். சிங்கள எழுத்து உருண்டு திரண்டு இருப்பதற்கு ஓலையின் இந்தக் குணத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். தமிழ் ஏட்டிலும் அதன் அடையாளம் உண்டு. புள்ளி வைக்க எழுத்தாணியைக் குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. குறில் எது நெடில் எது என்றும் எ, ஒ வரிசையில் பிரித்தறிய முடியாது. வாசிக்கிறவர் பொருள் அறிந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அதாவது, ஏடு தனியாக ஒருவருக்கும் பாடம் சொல்லாது. பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

கீறி முடித்த ஓலையில் முதலில் எதுவும் தெளிவாகத் தெரியாது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கோடுகள் மட்டும் தெரியும். 'தும்மல' என்னும் பிசினிலிருந்து வடித்த எண்ணெயில் கரித்தூளைக் குழைத்து ஓலை முழுதும் பூசுவார்கள். ஒரு நிமிடத்துக்கு ஏடு முழுக்கக் கறுத்துப்போகும். பிறகு தவிடோ குரக்கன் மாவோ தூவித் துடைத்தால் மேலே இருந்த கறுப்பு போய்விடும், கீறலுக்குள் இறங்கியது மட்டும் நிற்கும். எழுத்து பளிச்சென்று எழும். எண்ணெயின் காட்டமான மணம் பூச்சியையும் அண்டவிடாது.

எழுதிய ஏட்டுக்கு மேலும் கீழும் மரப் பலகை. சித்திரக்காரரின் பங்கு இங்கேதான் வருகிறது. தாமரை இதழ் வரிசை, ஓடும் கொடி என்று கண்டிக் கோவில் சுவர்களில் காணும் கோலங்களையே சிறிதாக்கிப் பலகையில் தீட்டுவார்கள். மாத்தளைப் பக்கத்து ஹபுவித ஊரில் அரக்கை இளக்கி நூலாக இழுத்து விரல் நகத்தாலேயே ஒட்டும் வேலை பேர்பெற்றது. இந்தக் கைவினைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தவர் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆய்வுக்காக ஊர் ஊராகச் சுற்றப் போனவர், கல்லைவிட அதிகமாகக் கம்மாளரையும் சித்திரக்காரரையும் பார்த்துவிட்டு வந்தார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரும் நூல் 1908இல், ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சில், 425 பிரதிகளாக அச்சிடப்பட்டது. சித்திரக்காரர் வீட்டுப் பையன் முதலில் பழகுவது 'வக தெக' என்னும் இரட்டை வளைவு என்று அதில் எழுதுகிறார். அந்த வளைவு கைக்கு வந்துவிட்டால் இலையும் கொடியும் அன்னமும் அதிலிருந்தே பிறக்கும். பட்டறையும் வீடும் ஒன்றாக இருந்ததால் பையனுக்குப் படிப்பு ஆரம்பித்த நாள் என்று ஒன்று தனியாக இல்லை. தகப்பன் வேலை செய்கிற இடத்தில் அவனும் இருந்தான்.

கண்டியிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் போல போனால், மாத்தளையைத் தாண்டியதும் அலுவிகாரை. பெரும் பாறைகளுக்கிடையே குகைகள். அதுவரை வாய்ப்பாடமாகவே வந்த திரிபிடகத்தை கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், பிக்குகள் இங்கே கூடி ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் செத்து ஒழிந்தால் பாடமும் அவர்களோடு போய்விடுமே என்ற பயம்தான் காரணம்.

ஆனால் எழுதி வைத்தால் நிலைத்துவிடுமா? மலைநாட்டு ஈரத்தில் ஓர் ஏடு சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிது. இன்று இலங்கையில் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஏடுகளில் ஒன்று கொழும்பு நூதனசாலையில் உள்ள, திரிபிடகத்தின் ஒரு பகுதியான சுள்ளவக்கத்தின் பிரதி. அது 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அலுவிகாரையில் எழுதியதாகச் சொல்லும் காலத்துக்கும் அதற்கும் நடுவே ஆயிரத்து முந்நூறு வருடம். அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் படியெடுத்தவர்கள். ஒரு தலைமுறை எழுதியதை அடுத்த தலைமுறை பார்த்து எழுதியது. அதை அதற்கடுத்தது எழுதியது. எழுதப் பழகிய பிள்ளைகள் ஊரில் இருந்த வரைக்கும்தான் ஏட்டுக்கு ஆயுள்.

அந்தச் சங்கிலி ஒருமுறை அறுபடப் பார்த்தது. 1698இல் கண்டிக்குப் பக்கத்தில் தும்பனைப் பகுதியின் வெலிவிட்டவில் பிறந்த சரணங்கரர் இளம் துறவியாக இருந்தபோது பன்சலைகளில் ஏடுகள் இருந்தன, பாளி இலக்கணம் சொல்லித்தர ஆள்தான் இல்லை. அரச தண்டனைக்கு உள்ளாகி அலுத்நுவரையில் வைக்கப்பட்டிருந்த லெவுக்கே ராலஹாமி என்ற கல்விமானுக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டு, அவரைத் தேடிப் போய்ப் படித்தார். பிறகு தான் கற்றதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1753இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் என்னும் நாயக்க மன்னனின் காலத்தில் சீயத்திலிருந்து பிக்குகள் வந்து உபசம்பதா என்னும் முழுத் துறவுச் சடங்கை மீட்டபோது அவரே பிக்குகளின் தலைவரான சங்கராஜர் ஆனார். பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் போதும் என்பதற்குக் கண்டிச் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

பிறகு ஓலைக்குப் பொல்லாத காலம். கொழும்பில் ஒல்லாந்தர் 1737இலேயே சிங்களத்தில் அச்சடிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்து ஆங்கிலேயர் அதை அடக்கியபோது அலுவிகாரையின் ஏட்டுச் சேமிப்பு அழிந்தது. இலங்கையில் அரச உத்தியோகம் பார்த்த ஹியூ நெவில் ஊரூராகச் சேர்த்த 2,227 ஏடுகள் 1904இல் பிரித்தானிய நூதனசாலைக்குப் போயின. இன்று அவை பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு கே. டி. சோமதாச தயாரித்த விளக்கப் பட்டியலே 7 தொகுதிகள். உள்ளூரில் தங்கியவற்றுக்கும் மரியாதை வராமல் இல்லை: பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள மகாவம்ச ஏடு 2023இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. ஊருக்குள் சாதகம் எழுதுகிறவர்களிடம் தாளிப்பனைச் சுருள் இன்னும் புழங்குகிறது. விஜயதசமி அன்று ஏடு தொடக்கும்போது நம் பிள்ளைகள் தட்டில் பரப்பிய பச்சரிசியில் விரலால் எழுதுகிறார்களே, அது அந்த மணல் வகுப்பின் மிச்சம்.

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே பெரும்பாலான வீடுகளில் இந்த வகைப் படிப்பு சனி ஞாயிறிலும் பள்ளி விடுமுறையிலும் நடக்கிற காரியமாகத்தான் இருக்கும். அதற்கு ஓலையின் வழி போதும். முதல் நாள் பேராதனை: மரத்தைச் சுற்றி நடந்து அடிமரத்தை முழம் போட்டு அளப்பது, காய்ந்து விழுந்த ஓலையின் நாரைக் கையால் கிழித்துப் பார்ப்பது, ஓலை மடிப்பை வரைவது. இன்னொரு நாள் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் உள்ள கண்டி நூதனசாலை: எழுத்தாணிகளின் வேலைப்பாட்டைப் பார்த்து வரைவது. மூன்றாவது அலுவிகாரை. அங்கே வருகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் கறுப்பேற்றித் துடைத்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் பெயரைக் கேட்டால் எழுதியும் கொடுப்பார்கள்.

வீட்டில் செய்து பார்க்கத் தாளிப்பனை கிடைக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பனை ஓலை போதும். அவித்துக் காயவைத்து, கவராயத்தின் கூர் முனையால் கீறலாம். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, குரக்கன் மாவால் துடைத்தால் எழுத்து வரும். முதலில் நார் வாக்கில் ஒரு நேர்கோடு இழுக்கச் சொல்லுங்கள், ஓலை விரியும். பிறகு 'அ' எழுதச் சொல்லுங்கள். எழுத்து ஏன் வளைந்தது என்று நீங்கள் சொல்லும் முன்பே பிள்ளை சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது படியெடுத்தல். நீங்கள் புள்ளி வைக்காமல் ஐந்து வரி எழுதிக் கொடுங்கள். முதல் பிள்ளை அதைப் பார்த்து எழுதட்டும், இரண்டாவது பிள்ளை முதலாவதின் பிரதியை மட்டும் பார்த்து எழுதட்டும், மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து. மூன்றாவது பிரதியில் ஒரு சொல் மாறியிருக்கும், சில வேளை ஒரு வரியே காணாமல் போயிருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடுகளைத் தேடி அடுக்கிவைத்து ஒப்பிட்டது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். எந்தப் பிரதி சரி என்று பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் வரும். மூலத்தை உடனே எடுத்துக் காட்டிவிடாதீர்கள். மூன்று ஓலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில் யாருடைய கை தவறியது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் போனாலும் நட்டமில்லை.